வந்தவருக்கு நூடுல்ஸ், போகிறவருக்குக் கொழுக்கட்டை

"வந்தவங்களா, போறவங்களா?"

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் லுவான் கடைக்குள் காலை வைத்ததும் இந்தக் கேள்விதான் முகத்தில் வந்து விழும். வாங்க, உட்காருங்க என்ற உபசாரமெல்லாம் அங்கே கிடையாது. லுவானின் பெண்டாட்டி ஷிங்ஹுவா வாசலோரம் உட்கார்ந்து கொழுக்கட்டை மடித்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் கேட்பாள். வந்தவர் என்றால் நூடுல்ஸ். போகிறவர் என்றால் கொழுக்கட்டை. ஊருக்கு வந்தவன் காலை நூடுல்ஸ் சுற்றிக் கட்டிப்போட வேண்டும், அவன் நாலு நாளாவது தங்க வேண்டும். ஊரை விட்டுப் போகிறவன் நன்றாக மடித்த கொழுக்கட்டைபோலப் பிரியாமல் உடையாமல் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். வட சீனாவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான் இது. அதைக் கடைச் சட்டமாக்கி வைத்திருப்பவள் ஷிங்ஹுவா ஒருத்திதான். மாற்றிக் கேட்டுப் பாருங்கள், திட்டு விழும். "ரயிலேறப் போறவன் நூடுல்ஸ் தின்னா வழியில கால் சிக்கி விழுவே. பேசாம ஒக்காரு, கொழுக்கட்டை வருது" என்பாள். அவளோடு வாதாடி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

அன்றைக்கு மோ தெஹாய் உள்ளே வந்தபோது மட்டும் அவள் அதைக் கேட்கவில்லை. அவன் குன்றின்மேல் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவன். இங்கேயே பிறந்து, இங்கேயே மரத்தோடு மரமாக நிற்கிறவன். அவனுக்கு வரவு ஏது, போக்கு ஏது? ஆனால் அவன் வந்திருந்த கோலத்தைப் பார்த்து அவள் கை மாவிலேயே நின்றது. பெட்டியில் கிடந்த மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தண்ணீர் தொட்டு வாரிய தலை. காய்களுக்குக் காகிதப் பை கட்டுகிற மாதமாதலால் விரல் நுனி மட்டும் கறுத்திருந்தது.

"என்னடா தம்பி, பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி வந்து நிக்கிறே?"

"பொண்ணைத்தான் அண்ணி பாக்க வந்தேன். ஹைதாங் வரா. மத்தியான வண்டியில."

உள்ளே மாவை இழுத்துக்கொண்டிருந்த லுவானின் கையிலிருந்து மாவுக்கயிறு பலகைமேல் தொப்பென்று விழுந்தது. அவன் எட்டிப் பார்த்தான். பிறகு மறுபடியும் மாவைக் கையில் எடுத்தான். லுவான் பேசினால்தான் அதிசயம். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் ஒருத்தியே பேசிவிடுகிறாள்.

"யார் சொன்னா? அவளே பேசினாளா?" என்றாள் ஷிங்ஹுவா.

"தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கா. கடையில பாக்கலாம்னு சொன்னாளாம்."

தங்கை சொன்னது இவ்வளவு மட்டுமல்ல. மத்தியான வண்டியில் வந்து, சாயங்கால வண்டியில் யென்தாய் போய், அங்கிருந்து கப்பலேறித் தாலியன் போகிறாள் என்றும் சொல்லியிருந்தாள். தெஹாயின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. ஆறு வருஷமாக மகளின் முகத்தைப் பார்க்காதவன் காதில் அவ்வளவுதான் விழும்.

"அண்ணே, நல்லா நீளமா இழுங்க. நடுவுல அறுபடவே கூடாது" என்று உள்ளே பார்த்துச் சொன்னான். "மட்டிச் சிப்பிக் குழம்பு ஊத்துங்க. அவளுக்கு மட்டின்னா உசிரு. வினிகர் மட்டும் வேண்டாம், வாடையே ஆகாது அவளுக்கு."

வெளியே அவனுடைய மூன்று சக்கர வண்டி நின்றது. பின்பக்கத்தைக் கழுவி, மெத்தை போட்டு, வெயிலுக்குக் குடையும் கட்டியிருந்தான். மெத்தைக்கு அடியில் ஊதுபத்தியும், சமாதியில் எரிக்கிற மஞ்சள் காகிதக் கட்டும் இருந்தன. மனைவி சூஃபென்னின் சமாதி தோட்டத்துக்கு மேலே, குன்றின் உச்சியில் இருக்கிறது. முந்தின நாளே போய்ப் புல்லையெல்லாம் அறுத்துச் சுத்தம் செய்திருந்தான். ஹைதாங் இதுவரை அந்தச் சமாதியைப் பார்த்ததில்லை. இன்றைக்கு அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஒரே ஒரு தடவை. அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஷிங்ஹுவா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். "இதோ பாரு. இன்னைக்காவது சொல்லிடு. நீ சொல்லலே, நான் சொல்லுவேன்."

"சொல்றேன் அண்ணி. சொல்லிடலாம்னுதான் வந்திருக்கேன்."

"இப்படித்தான் ஆறு வருஷமா மென்னு மென்னு முழுங்கறே. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

கொழுக்கட்டைக் கடையில் உட்கார்ந்து இப்படிக் கேட்டால் அவன்தான் என்ன செய்வான்? சிரித்துவிட்டான். அன்றைக்கு அவன் சிரித்தது அதோடு சரி.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் சூஃபென்னுக்குக் கணையத்தில் புற்று. வசந்தத்தில் தெரிந்தது, கோடை தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. மகள் அப்போது நகரத்துப் பள்ளியில், விடுதியில். கல்லூரியில் சேர எழுதுகிற பெரிய பரீட்சைக்குக் கடைசி வருஷம். அந்தப் பரீட்சை என்றால் நம் பக்கத்தில் என்ன பாடு என்று தெரியாதவர் உண்டா? பரீட்சை நடக்கும் தெருவில் லாரிக்காரன்கூட ஒலி எழுப்பாமல் போவான். தாத்தா செத்தாலும் சரி, வீடே எரிந்தாலும் சரி, பரீட்சை முடிகிறவரை பிள்ளைக்குச் சொல்ல மாட்டார்கள். சொந்தம் பந்தம் எல்லாம் வாயைக் கட்டிக்கொள்ளும். அதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை. பிள்ளை நன்றாக எழுதிவிட்டால், பெற்றவர்கள் மனசைக் கல்லாக்கிக்கொண்டார்கள் என்று ஊர் மெச்சும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சூஃபென் தெஹாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பரீட்சை முடியற வரைக்கும் அவ காதுல ஒரு வார்த்தை விழக் கூடாது. விழுந்துச்சு, செத்தாலும் உன்னை நிம்மதியா விட மாட்டேன்." அப்போது கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றவள் ஷிங்ஹுவா. அவளும் கேட்டாள். அவளும் தலையாட்டினாள்.

பரீட்சைக்கு முன்னாலேயே சூஃபென் போய்ச் சேர்ந்தாள். எரித்து, சாம்பலைக் குன்றில் புதைத்து, ஆப்பிளுக்குப் பை கட்டும் வேலையையும் ஆரம்பித்துவிட்டான் தெஹாய். சூஃபென்னின் ஃபோன் மட்டும் அவன் சட்டைப் பையில் உயிரோடு இருந்தது. மகள் அதில் எழுதுவாள்: "அம்மா, சாப்பிட்டியா? அம்மா, பயமா இருக்கு." தெஹாய் வரப்பில் உட்கார்ந்து, தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் பதில் போடுவான்: "தொண்டை கட்டிக்கிச்சு கண்ணு, பேச முடியல. நல்லா சாப்பிடு. சீக்கிரம் தூங்கு." சூஃபென் வழக்கமாகப் போடுகிற பூப்படத்தையும் கடைசியில் சேர்ப்பான். மகளிடமிருந்து முத்தம் வரும். அதைப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறுவான்.

பரீட்சை முடிந்த அன்று பள்ளி வாசலில் போய் நின்றான். துக்கத்துக்குக் கையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே அவிழ்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டான். ரயிலில் அவளை அழைத்து வந்து, அம்மாவின் படத்துக்குக் கறுப்பு நாடா கட்டியிருக்கும் வீட்டுக்கு நேரே கூட்டிப் போகத் துணிவில்லாமல், இந்தக் கடையில்தான் உட்கார வைத்தான். பிள்ளை பசியாக இருந்தாள். முதலில் சாப்பிடட்டும் என்று நினைத்தான். அவள் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ஒரு கிண்ணம் மட்டி நூடுல்ஸைக் குழம்பு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தாள். "அம்மாவுக்குக் கொஞ்சம் கட்டி வாங்கிக்கலாமா?" என்று கேட்டாள். அப்போதுதான் அவன் சொன்னான்.

அன்றைக்கு அவள் அழக்கூட இல்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்தே அத்தை வீட்டுக்குப் போனவள், தூரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்து அங்கிருந்தே போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை, அவன் ஃபோனையும் எடுக்கவில்லை. சூஃபென் சொல்லித்தான் செய்தேன் என்று தெஹாய் அன்றே சொல்லியிருக்கலாம். செத்தவள்மேல் பழி போடுவதா என்று வாய் வரவில்லை. அதற்குப் பிறகு சொல்ல அவள் எதிரில் இல்லை.

மத்தியான வண்டி வந்த சத்தம் கேட்டது. பரீட்சை முடித்து இறங்கிய பிள்ளைகளும் பெற்றவர்களும் கடையை நிறைத்தார்கள். ஒரே கூச்சல். "வந்தவங்களா, போறவங்களா? சரி ஒக்காரு. வந்தவங்களா? பூண்டு அங்க இருக்கு, உரிச்சுக்கோ" என்று ஷிங்ஹுவா பழைய வேகத்துக்கு வந்துவிட்டாள். உள்ளே லுவானின் கையில் மாவு ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பலகையில் தட் தட்டென்று அடிபட்டது. தெஹாய் சுவரோர மேசையில் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெட்டியின் சக்கரச் சத்தம் வாசலில் நின்றது. ஷிங்ஹுவா தலையைத் தூக்காமல் கேட்டாள்: "வந்தவங்களா, போறவங்களா?"

"போறேன் பெரியம்மா."

தூக்கிவாரிப் போட்டது ஷிங்ஹுவாவுக்கு. கட்டையாக வெட்டிய முடி, கன்னம் ஒட்டிப் போய், கண் மட்டும் அப்படியே சூஃபென்னின் கண். "அடி என் கண்ணே!" என்று எழுந்தவள் மாவுக்கையோடு கட்டிக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்தாள். "வந்ததும் வராததுமா போறேங்கறியே, இது என்னடி பேச்சு?"

"சாயங்கால வண்டி, பெரியம்மா. கப்பலுக்குப் போகணும்."

அதே நேரத்தில் லுவான் உள்ளேயிருந்து தெஹாய் சொல்லி வைத்த நூடுல்ஸை நீட்டினான். ஷிங்ஹுவா அதையும் பார்த்தாள், பெண்ணையும் பார்த்தாள். பிறகு அந்தக் கடையில் இதுவரை நடக்காத காரியம் ஒன்று நடந்தது. ஒரே ஆளுக்கு, ஒரே மேசையில், நூடுல்ஸை வைத்துவிட்டுக் கொழுக்கட்டையையும் அடுப்பில் போட்டாள்.

ஹைதாங் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கீங்களா?"

அந்த 'நீங்க' சுட்டது அவனை. சின்ன வயசிலிருந்து அவள் அவனை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். "நல்லா இருக்கேன் கண்ணு. இளைச்சுட்டே. சாப்பிடு, சாப்பிடு, நூடுல்ஸ் ஒட்டிக்கிடும். மட்டி போடச் சொன்னேன்."

அவள் குச்சியை எடுத்தாள். ஆனால் நூடுல்ஸைத் தொடாமல், மேசை ஓரத்திலிருந்த வினிகர்ப் புட்டியைச் சாய்த்துக் கிண்ணியில் ஊற்றினாள். நிறைய ஊற்றினாள். தெஹாய் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பல் பூண்டை அதில் தோய்த்துக் கடித்து, அந்தப் புளிப்பை அப்படியே உறிஞ்சினாள்.

கொழுக்கட்டை கொதித்துப் பொங்காமல் இரண்டாம் முறை பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஷிங்ஹுவாவின் கண்ணுக்கு இது தப்புமா? "ஏண்டி! நீயா வினிகர் குடிக்கறே? புளிப்பு கேட்டா பையன், காரம் கேட்டா பொண்ணும்பாங்க..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

ஹைதாங்கின் காது சிவந்தது. "ஆமா பெரியம்மா. நாலாவது மாசம்."

"கல்யாணம்?"

"குளிர்காலத்துல பதிவு பண்ணிட்டோம். அவரு தாலியன்ல கப்பல் கட்டற இடத்துல இருக்காரு. எனக்கும் அங்கதான் வேலை."

எந்தப் பேச்சிலும் தலையிடாத லுவான் அன்றைக்கென்று பார்த்து உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: "மீன் துள்ளினா மாமனார் சிரிப்பாரும்பாங்களே! இது வஞ்சிரம் துள்ளற மாசமாச்சே, மருமகன் குடுத்து விட்ட மீன் எங்கம்மா?"

கல்யாணமான முதல் வருஷம், மீன் பிடிபடும் மாதத்தில் பெரிய வஞ்சிரமாகப் பார்த்து மாமனார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது நம் பக்கத்து மருமகன்களின் கடமை. ஷிங்ஹுவா கரண்டியை ஓங்கிக்கொண்டு புருஷனைப் பார்த்த பார்வையில் அவன் மறுபடி மாவுக்குள் போய்விட்டான்.

மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. பிள்ளை வரப்போகிறது. தெஹாய்க்கு இரண்டும் இந்த மேசையில்தான் தெரிய வந்தது. சந்தோஷப்படுவதா, அழுவதா? "நல்லது. நல்லது கண்ணு" என்று இரண்டு தடவை சொன்னான். பிறகு அவசர அவசரமாக, "மெத்தை போட்ட வண்டி கொண்டாந்திருக்கேன். குலுங்காது. மலைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். அம்மாகிட்டயும் சொல்லணும் இல்ல? பேரனோ பேத்தியோ வருதுன்னு. சாயங்கால வண்டிக்குள்ள நானே கொண்டாந்து விட்டுடறேன்" என்றான்.

"அதுக்கு வரல."

"பின்னே?"

"ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிடறேன்."

கொழுக்கட்டை வந்தது. வஞ்சிரமும் பூண்டுத்தழையும் வைத்து மடித்தது. ஆவி இருவருக்கும் நடுவில் எழுந்தது. ஷிங்ஹுவா தட்டை வைத்துவிட்டுப் போகாமல், மேசையைத் துடைக்கிற சாக்கில் நின்று தெஹாயின் தோளில் ஓர் இடி இடித்தாள். சொல்லு என்று அர்த்தம்.

தெஹாய் முன்னால் சாய்ந்தான். "ஹைதாங், நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்கம்மா..."

"நான் முதல்ல கேட்டுடறேன். இல்லேன்னா கேக்க முடியாம போயிடும்." அவள் குச்சியைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். "இந்தக் கடையில, இதே இடத்துல ஒக்காந்து, நீங்க என்னைச் சாப்பிட விட்டீங்க. குழம்பு வேணுமா, இன்னொரு கிண்ணம் வேணுமான்னு கேட்டீங்க. நான் சிரிச்சுட்டு இருந்தேன். அம்மா செத்துப்போய் மண்ணுக்குள்ள இருக்கா, நான் மட்டியை உறிஞ்சிட்டு இருந்தேன். அதை விடுங்க. அம்மா மாதிரி எழுதினீங்களே, பூ போட்டு. இன்னும் வெச்சிருக்கேன் அதை. எது வரைக்கும் அம்மா எழுதினது, எங்கிருந்து நீங்க எழுதினதுன்னு தேடித் தேடிப் பார்த்திருக்கேன். தெரியல எனக்கு. என் அம்மாவை எனக்கே அடையாளம் தெரியாம பண்ணிட்டீங்க."

பக்கத்து மேசையில் ஒரு பையன் தேர்வுக் கதை சொல்லி அவன் வீட்டார் கொல்லென்று சிரித்தார்கள். ஹைதாங் அவர்கள் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"இப்ப எனக்கு வயித்துல இது. ராத்திரியெல்லாம் அதே யோசனை. நான் சாகக் கிடந்தா என் பிள்ளையைக் கூப்பிடாம இருப்பேனா? மாட்டேன். யார் தடுத்தாலும் கத்துவேன். அம்மாவும் கத்தியிருப்பா. என்னைக் கூப்பிட்டிருப்பா. நீங்கதான் விடல. ஆறு வருஷமா இந்த ஒண்ணைப் பிடிச்சுட்டுத்தான் தூங்கறேன். அதுவும் இல்லேன்னா எனக்கு அம்மான்னு ஒருத்தியே இல்லாத மாதிரி." அவள் நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள். "சொல்லுங்க. அம்மா என்னைக் கேட்டாளா?"

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எதிரில் இருந்தது கல் இல்லை. ஒரு வார்த்தையில் உடைந்து தூளாகப் போகிற சட்டிபோல இருந்தாள் மகள்.

கடைசி நாள் சாயங்காலம் நடந்தது தெஹாய்க்கு மட்டும்தான் தெரியும். அன்று ஷிங்ஹுவா இல்லை, வேறு யாரும் இல்லை. காலையிலிருந்து பேச்சில்லாமல் கிடந்த சூஃபென் கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தாள். "தாங் வந்துட்டாளா?" என்றாள். அவன் ஃபோனைக் கையில் எடுத்தான். எடுத்துவிட்டான், அது சத்தியம். பள்ளிக்கூடம் இரண்டு மணி நேர தூரம்தான். ஆனால் இதே வாய்தானே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றது? எந்த வார்த்தையை நம்புவது? காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்தான். "வந்துட்டு இருக்கா சூஃபென். வழியில இருக்கா" என்றான். அவள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இப்போது உண்மையைச் சொல்வதென்றால் இரண்டையும் சொல்ல வேண்டும். உங்கம்மாதான் உன்னைக் கூப்பிடாதே என்றாள் என்று ஆரம்பிக்க வேண்டும். அதைச் சொன்னால் அவன் தப்பித்துவிடுவான். மகள் அழுவாள், திட்டுவாள், பிறகு ஒருவேளை வண்டியில்கூட ஏறி உட்காருவாள். குன்றுக்கு வருவாள். ஆனால் எந்தச் சமாதிக்கு முன்னால் போய் நிற்பாள்? வேண்டாம் என்று சொன்ன அம்மாவின் சமாதிக்கு முன்னாலா?

"கேட்டா" என்றான் தெஹாய்.

மகள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"கேட்டுட்டே இருந்தா. தினமும் கேட்டா. தாங் எங்க, தாங்கைக் கூப்பிடுன்னு. கதவைப் பாத்துட்டே கிடந்தா."

"நீ?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த 'நீ' திரும்பி வந்தது. இப்படியா வர வேண்டும்!

"நான்தான் வேண்டாம்னேன். பரீட்சை கெட்டுடும்னேன். அவ அழுதா. நான் கேக்கல."

"அடப் பாவி! டேய், என்னடா சொல்றே நீ..." ஷிங்ஹுவா கையிலிருந்த துணியைத் தூக்கி எறிந்துகொண்டு பாய்ந்து வந்தாள். "ஹைதாங், இவன் சொல்றதை நம்பாதே, நான் பக்கத்துலயே..."

"அண்ணி!" தெஹாய் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை. பரீட்சைப் பிள்ளைகள்கூடச் சிரிப்பை நிறுத்தினார்கள். உடனே குரலைத் தணித்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "கொழுக்கட்டை வெந்த தண்ணி ஒரு கிண்ணம் கொண்டாங்க அண்ணி. பிள்ளைத்தாச்சி, நெஞ்சு அடைக்கும். கொண்டாங்க. உங்களைக் கும்பிடறேன்."

ஷிங்ஹுவா அவன் முகத்தைப் பார்த்தாள். ஊரையே வாயால் விலைக்கு வாங்குகிறவள், அன்றைக்கு வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள்.

ஹைதாங் அழுதாள். பள்ளிப் பிள்ளைபோலத் தேம்பித் தேம்பி அழுதாள். அன்றைக்கு இதே மேசையில் வராத அழுகை. "தெரியும் எனக்கு. அம்மா என்னைக் கேட்டிருப்பான்னு தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் முகத்தில் துக்கத்துக்கு அடியில் ஏதோ ஒன்று ஆறுவதைத் தெஹாய் பார்த்தான். அதைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மனுஷ மனசை என்னவென்று சொல்ல.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மலைக்கு..." என்றான் அவன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆசை விடவில்லை.

"அம்மா முன்னாடி உன்னோட சேர்ந்து என்னால நிக்க முடியாதுப்பா." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நீ இல்லாதப்ப ஒரு நாள் வரேன்."

"சரி கண்ணு."

"என் பிள்ளைகிட்ட சொல்லுவேன். உங்க பாட்டி கடைசி வரைக்கும் என்னைத்தான் கேட்டாங்கன்னு. உன்னைப் பத்திக் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல."

பெட்டியின் கைப்பிடியை இழுத்தாள். தெஹாயும் எழுந்து நின்றான். "கொழுக்கட்டையைச் சாப்பிட்டுப் போம்மா. போறப்ப சாப்பிடாம போகக் கூடாது. கப்பல் பயணம். எனக்காக வேண்டாம், அதுக்காக" என்று அவள் வயிற்றைக் காட்டினான்.

அவள் தயங்கினாள். பிறகு நின்றபடியே ஒரு கொழுக்கட்டையை எடுத்து வினிகரில் தோய்த்து வாயில் போட்டாள். அழுதுகொண்டே மென்றாள். இன்னொன்றும் எடுத்தாள். ஷிங்ஹுவா கொண்டுவந்த கொழுக்கட்டைத் தண்ணீரை ஊதிக் குடித்தாள். "வரேன் பெரியம்மா" என்றாள். நூடுல்ஸ் கிண்ணத்தை அவள் தொடவில்லை. பெட்டிச் சக்கரம் வாசல் படியில் தடதடத்தது, தெருவைத் தாண்டியது, நிலையத்துக் கூட்டத்தில் அந்தச் சத்தம் கலந்துவிட்டது.

சாயங்கால வண்டிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. வெயிலில், நிலைய முற்றத்தில் போய்க் காத்திருப்பாளே தவிர இங்கே இருக்க மாட்டாள். தெஹாய் வாசலுக்குப் போய்ப் பார்க்கவில்லை. மறுபடி தன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

ஷிங்ஹுவா வந்து எதிரில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏண்டா இப்படிப் பண்ணினே? கையில இருந்த ஒரே வார்த்தையையும் தண்ணியில போட்டுட்டியே. சூஃபென் சொன்னதை என் காதால கேட்டேனேடா! அவ நாக்குதானேடா வேண்டாம்னுச்சு! நீ யாருக்கு நல்லவன் ஆகப் பாக்கறே?"

"ஒரு நாள் கேட்டா அண்ணி. கடைசி நாள். உங்களுக்குத் தெரியாது." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கேட்டா. நான் கூப்பிடல. அது பொய்யில்ல."

ஷிங்ஹுவா மேசையிலிருந்த வினிகர்க் கிண்ணியை ஓரமாக நகர்த்தினாள்.

"பிள்ளை பெக்கப் போறா. அம்மா நினைப்பு இல்லாம எப்படிப் பெப்பா? அப்பன் இல்லாட்டி என்ன, இத்தனை வருஷம் இல்லாமத்தானே இருந்தா."

அவன் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். குழம்பெல்லாம் வற்றி, நூடுல்ஸ் ஊதிப் பெருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தது. மட்டிகள் மேலே சுருங்கிக் கிடந்தன.

லுவான் மாவுக்கையோடு வெளியே வந்தான். "தம்பி, அது வீணாப் போச்சுப்பா. குடு இப்படி. புதுசா இழுத்துப் போடறேன். நிமிஷ வேலை."

"வேண்டாம்ணே." தெஹாய் குச்சியால் கட்டியைப் பிரித்து ஓர் இழையின் நுனியைத் தேடிப் பிடித்து வாயில் வைத்தான். "இது அவ வந்ததுக்குப் போட்டது."

நடுவில் அறுபடாமல், நீளமாகத்தான் இழுத்திருந்தான் லுவான்.